கணையம் செத்துப்போனால் உடனே ஆபரேஷனா, காத்திருப்பதா?

"நீங்களே சொல்றீங்க சார், கணையத்துல பாதி செத்துப்போச்சுன்னு. சர்க்கரைக்காரங்களுக்குக் கால் அழுகுனா அன்னைக்கே எடுத்துடுறீங்க. இதை மட்டும் ஏன் உள்ளயே வச்சுக்கிட்டு நாளைக் கடத்துறீங்க?"

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஐசியூ வாசலில் நிற்கிற குடும்பங்கள் இந்தக் கேள்விக்கு எப்படியும் வந்துவிடுகின்றன. கேட்பவர் பெரும்பாலும் நோயாளியின் மச்சானாகவோ பெரியப்பா மகனாகவோ இருப்பார். மனைவி பின்னால் ஸ்கேன் கவரை அணைத்துக்கொண்டு நிற்பார். நியாயமான கேள்விதான். அறுவை மருத்துவர்களே நூறு வருஷமாக இதற்கு மாற்றி மாற்றிப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது நிலைத்திருக்கும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடுமையான கணைய அழற்சியில் திசு செத்துப்போயிருந்தாலும், முதல் இரண்டு வாரத்தில் வயிற்றைத் திறந்து அதை எடுப்பது பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல். நான்கு வாரம் வரை தள்ள முடிந்தால் தள்ள வேண்டும். அதற்குள் சீழ் பிடித்தால் ஆன்டிபயாடிக், தேவைப்பட்டால் சீழை வடிக்க டியூப், அதுவும் போதாவிட்டால்தான் செத்த சதையை எடுப்பது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் விரல்விட்டு எண்ணலாம். இதெல்லாம் உலகத்துக்கே பொது. நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்குக் கூடுதலாக இன்னொரு கேள்வி இருக்கிறது: அந்த நான்கு வாரத்தை எந்த ஊரில் காத்திருப்பது? என் பார்வையில் ஆபரேஷனா இல்லையா என்பதைவிட இதுதான் பெரிய முடிவு. ஆனால் இதைப் பேசுகிறவர்கள் குறைவு.

உள்ளே என்ன நடக்கிறது

கணையம் சுரக்கும் செரிமான நொதிகள் சிறுகுடலுக்குப் போன பிறகுதான் விழித்தெழ வேண்டும். பித்தக்கல் வந்து குழாய் வாயை அடைத்தாலோ, சாராயம் செல்களைப் பாதித்தாலோ, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு 1000-க்கு மேல் ஏறிக் கிடந்தாலோ அவை கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. நம் பக்கம் ஆண்களில் பெரும்பாலும் குடி, பெண்களில் பெரும்பாலும் பித்தக்கல். மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்கு ஊடுருவும் வலி, குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை, நிற்காத வாந்தி. அதைக் கேஸ் ட்ரபிள் என்று நினைத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு ஒரு நாளை ஓட்டிவிட்டு வருகிறவர்கள் நிறைய.

பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். நூற்றில் பத்திலிருந்து இருபது பேருக்குத்தான் கணையத்தின் ஒரு பகுதியோ அதைச் சுற்றியுள்ள கொழுப்போ ரத்த ஓட்டம் இழந்து சாகிறது. இந்த நெக்ரோசிஸ் வந்தவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் அந்தச் செத்த சதையில் கிருமி சேர்ந்து சீழ் பிடிக்கிறது. செத்த சதை இருப்பது வேறு, அதில் சீழ் பிடிப்பது வேறு. கிருமி சேராத செத்த சதையில் கணிசமானதை உடம்பே மெல்லக் கரைத்துவிடுகிறது. மிச்சம் ஒரு பையாகச் சுருங்கி, தொந்தரவு இல்லாமல் கிடக்கலாம்.

ரத்தத்தில் அளக்கும் லிப்பேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "ரெண்டாயிரம் வந்திருச்சு, நேத்து எண்ணூறுதான்" என்று தினமும் ரிப்போர்ட்டோடு ஓடிவருவார்கள். அந்த எண் நோயைக் கண்டுபிடிக்க உதவும். கடுமையை அளக்க உதவாது. எந்நேரமும் குறைந்துகொண்டே போகிற லிப்பேஸோடு ஒருவர் வென்டிலேட்டருக்குப் போகலாம். பார்க்க வேண்டியவை வேறு: சிறுநீர் எவ்வளவு போகிறது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.9-ஐத் தாண்டிவிட்டதா, ஆக்சிஜன் கூட்டிக்கொண்டே போகிறார்களா, சலைன் கொடுத்தும் மேல் பிரஷர் 90-க்குக் கீழேயே நிற்கிறதா. இவற்றில் ஒன்று 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது கடுமையான வகை. இந்த நோயின் கடுமையைப் பிரித்துச் சொல்லும், 2012-ல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு சொல்வதும் இதைத்தான்.

முதல் வாரத்தில் உயிரை எடுப்பது செத்த சதை அல்ல, அழற்சி. கணையத்தில் பற்றிய தீ ரத்தம் வழியாக நுரையீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. அந்த நேரத்தில் கணையத்தை வெட்டி எடுத்தாலும் ரத்தத்தில் ஏற்கெனவே கலந்துவிட்டதை எடுக்க முடியாது. கூடவே மயக்க மருந்து, ரத்த இழப்பு, திறந்த வயிறு ஆகியவை அதே நுரையீரல்மீதும் சிறுநீரகத்தின்மீதும் ஏறி உட்காரும். காலில் அழுகலை எடுப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். காலில் பெரும்பாலும் கிருமி முதல் நாளிலிருந்தே இருக்கிறது, எதுவரை எடுக்க வேண்டும் என்ற எல்லையும் கண்ணுக்குத் தெரிகிறது. கணையத்தில் முதல் வாரத்தில் இரண்டுமே இல்லை.

திறந்து பார்த்தால் என்ன தெரியும்

முதல் வாரத்தில் திறந்த வயிற்றைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. பழுப்பு நிறத்தில் கலங்கிய நீர் வழிந்து வரும். குடலைத் தாங்கும் கொழுப்பெல்லாம் சுண்ணாம்புத் துளி தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். கொழுப்பு சிதைந்து கால்சியத்தோடு சேர்ந்து சோப்பாக மாறிய இடங்கள் அவை. இரைப்பைக்குப் பின்னால் கை விட்டால் எல்லாம் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். எது செத்தது, எது வீங்கியிருந்தாலும் பிழைக்கப்போவது என்று நிறத்தை வைத்தும் சொல்ல முடியாது, தொட்டும் சொல்ல முடியாது. தொட்ட இடத்தில் ரத்தம் கசியும், கட்டுப் போட்டால் நூல் சதையை அறுத்துக்கொண்டு வரும். அதிகம் எடுத்தால் உயிருள்ள கணையமும் போய் ஆயுள் முழுக்க இன்சுலின். குறைவாக எடுத்தால் மூன்றாம் நாள் மறுபடி தியேட்டர்.

நான்கு வாரம் கழித்து அதே இடம் வேறு மாதிரி இருக்கும். செத்ததைச் சுற்றி உடம்பே ஒரு சுவர் கட்டியிருக்கும். உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக மிதப்பவை இழுத்தால் தனியாக வந்துவிடும், ரத்தமும் அவ்வளவு போகாது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு நான் சொல்வது: பிஞ்சு மாங்காயில் கொட்டையையும் சதையையும் பிரிக்கப் பார்த்தால் இரண்டும் நாசம், பழுத்த பிறகு அழுத்தினாலே கொட்டை கையோடு வருகிறது.

மருத்துவம் இதை நேராகக் கற்றுக்கொள்ளவில்லை. 1889-ல் பாஸ்டனில் ரெஜினால்ட் ஃபிட்ஸ் இந்த நோயைத் தெளிவாக விவரித்தபோதே ஆரம்பக் கட்ட அறுவை ஆபத்து என்று எச்சரித்தார். பிறகு திறந்து பார்ப்பதே வழக்கமாயிற்று. 1929-ல் ராபர்ட் எல்மன் அமிலேஸ் என்ற கணைய நொதியை அளக்கும் ரத்தப் பரிசோதனையைக் கொண்டுவந்ததும், திறக்காமலே நோயைக் கண்டுபிடிக்க முடிந்தது. லேசானவர்கள் தானாகவே பிழைப்பது தெரியவந்து கத்தி கொஞ்சம் பின்வாங்கியது. 1960-களுக்குப் பிறகு ஐசியூ வசதி வளர, மறுபடியும் கணையத்தையே வெட்டி எடுக்கும் துணிச்சல் வந்தது. 1991-ல் எட்வர்டு பிராட்லி, கிருமி சேராத நெக்ரோசிஸ் இருந்த 11 பேரை அறுவை செய்யாமலே பார்த்துக்கொண்டு, 11 பேரும் பிழைத்ததை எழுதினார். சின்ன எண்ணிக்கைதான். ஆனால் செத்த சதையை உள்ளே விட்டால் ஆள் தாங்கமாட்டார் என்ற எண்ணத்தை அது அசைத்துவிட்டது.

நேருக்கு நேர் ஒப்பிட்ட முக்கியமான ஆய்வு மெக்சிகோவில் நடந்தது, 1997-ல் வெளியானது. 36 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அறுவை, மற்றதற்கு குறைந்தது 12 நாள் கழித்து. சீக்கிரம் அறுத்த பிரிவில் 58 சதவீதம் பேர் இறந்தார்கள், தள்ளிப்போட்ட பிரிவில் 27 சதவீதம். ஆள் எண்ணிக்கை குறைவு என்பதால் கணக்குப்படி அந்த வித்தியாசம் உறுதியானது என்று சொல்ல முடியவில்லை. ஆனாலும் தொடர மனம் வராமல் ஆய்வையே நிறுத்திவிட்டார்கள். 2007-ல் நெதர்லாந்திலிருந்து வந்த 53 பேரின் கணக்கு இன்னும் பளிச்சென்று இருக்கும்: முதல் 14 நாளுக்குள் அறுவை நடந்தவர்களில் 75 சதவீதம் மரணம், 15-லிருந்து 29 நாளுக்குள் 45, 30 நாளுக்குப் பிறகு 8. இந்தக் கணக்கை அப்படியே விழுங்கக் கூடாது. மோசமாக இருந்தவர்களைத்தான் அவசரமாகத் திறந்திருப்பார்கள், 30 நாள் தாக்குப்பிடித்தவர்கள் ஏற்கெனவே கெட்டியான ஆட்கள். அந்தத் தள்ளுபடியைக் கொடுத்த பிறகும் 75-க்கும் 8-க்கும் நடுவில் இருக்கும் தூரம் முழுவதையும் அதில் கரைத்துவிட முடியாது. மெக்சிகோ ஆய்வும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதா

குடும்பங்களுக்குப் பொறுக்க முடியாதது இதுதான். "டாக்டரு ஒண்ணுமே பண்ணாம குளுக்கோஸ் மட்டும் ஏத்துறாரு." உண்மையில் அந்த முதல் வாரம்தான் அதிகக் கைவேலை உள்ள வாரம்.

முதல் 24 மணி நேரத்தில் சலைன். அதிலும் ரிங்கர் லாக்டேட் நல்லது. பழைய பாடம், எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்று என்றது. 2022-ல் வெளியான வாட்டர்ஃபால் ஆய்வு அதைத் திருப்பிப் போட்டது. தாராளமாக ஏற்றிய பிரிவில் 20.5 சதவீதம் பேருக்கு உடம்பில் நீர் கோத்துக்கொண்டது, அளவாக ஏற்றிய பிரிவில் 6.3 சதவீதம். நோயின் கடுமையில் பலன் எதுவும் தெரியவில்லை, ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆகவே பாட்டில் எண்ணிக்கையை வைத்து வைத்தியத்தை எடைபோட வேண்டாம். மணிக்கு மணி சிறுநீரை அளந்து எழுதுகிறார்களா என்று பாருங்கள், அது நல்ல வார்டின் அடையாளம்.

அடுத்தது சாப்பாடு. கணையத்துக்கு ஓய்வு கொடுக்க நாள் கணக்கில் பட்டினி போடும் வழக்கம் காலாவதியாகிவிட்டது. வாயால் முடிந்தால் வாயால், முடியாவிட்டால் மூக்கு வழி டியூப் போட்டு சில நாட்களுக்குள் குடலுக்கு உணவு போக வேண்டும். குடல் காலியாகக் கிடந்தால் அதன் சுவர் பலவீனமாகி, உள்ளே இருக்கும் கிருமிகள் செத்த கணையத்துக்குக் குடியேறுகின்றன. ரத்தக் குழாய் வழியாக மட்டும் ஊட்டம் கொடுத்தால் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. டியூப்பில் என்ன போகிறது என்பதை டயட்டீஷியன் சொல்லட்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த ராகிக் கூழை அதில் விட்டு அடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆன்டிபயாடிக்கை முன்னெச்சரிக்கையாகக் கொடுப்பதால் சீழ் பிடிப்பது குறையவில்லை. முதல் வாரத்தில் வரும் காய்ச்சலும் பெரும்பாலும் அழற்சியின் காய்ச்சல்தான். பெரிய ஆன்டிபயாடிக் கேட்டு நச்சரிக்கும் உறவினர்களும், கேட்டதும் எழுதிவிடும் டாக்டர்களும் சேர்ந்து, பிற்பாடு உண்மையிலேயே கிருமி சேரும்போது எந்த மருந்தும் கேட்காத நிலையையும் பூஞ்சைத் தொற்றையும் வரவழைக்கிறோம்.

ஸ்கேன் விஷயத்திலும் அவசரம் உதவாது. வலி வந்த அன்றே எடுத்த சிடி ஸ்கேனில் நெக்ரோசிஸ் முழுதாகத் தெரியாது. மூன்று நான்கு நாள் போன பிறகுதான் படம் தெளியும். நோய் இதுதானா என்று சந்தேகம் இருந்தால் மட்டும் முதல் நாள் சிடி.

சீழ் பிடித்த பிறகு இருக்கும் வழிகள்

இரண்டாவது வாரத்துக்குப் பிறகு, கொஞ்சம் தேறிவந்தவர் திடீரெனக் குளிர்காய்ச்சலோடு சரியத் தொடங்கினால், ஸ்கேனில் செத்த சதைக்குள் காற்றுக் குமிழ்கள் தெரிந்தால், கிருமி வந்துவிட்டது. இங்கேதான் நிஜமான தேர்வுகள் தொடங்குகின்றன.

பழைய வழி, வயிற்றை அகலத் திறந்து எல்லாவற்றையும் வழித்து எடுப்பது. புதிய வழி, படிப்படியாக ஏறுவது. முதலில் ஸ்கேன் பார்த்து இடுப்புக்கு மேலே, பெரும்பாலும் இடது விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு தடித்த டியூப்பைச் செருகிச் சீழை வடிப்பது. போதவில்லையானால் அதே டியூப் போன வழியில் சின்னதாக வெட்டி, கேமரா விட்டு, தளர்ந்துவந்த செத்த சதையை மட்டும் எடுப்பது. 2010-ல் நெதர்லாந்தின் பேன்டர் ஆய்வு 88 பேரில் இரண்டையும் ஒப்பிட்டது. பெரிய சிக்கலோ மரணமோ நேர்ந்தது திறந்த அறுவையில் 69 சதவீதம், படிப்படி முறையில் 40 சதவீதம். மரணத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் பிழைத்தவர்களின் பிற்கால வாழ்க்கையில் வித்தியாசம் இருந்தது: புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் திறந்த அறுவையில் 38 சதவீதம், படிப்படி முறையில் 16 சதவீதம்; தையல் போட்ட இடத்தில் குடலிறக்கம் அதேபோல் 24 சதவீதம், 7 சதவீதம். என்னை அதிகம் யோசிக்கவைத்த எண் இன்னொன்று. படிப்படி முறையில் 35 சதவீதம் பேருக்கு டியூப் மட்டுமே போதுமாக இருந்தது. செத்த சதையை யாரும் எடுக்கவே இல்லை. சீழின் அழுத்தம் இறங்கியதும் மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொண்டது.

மூன்றாவது வழி வாய் வழியாக. எண்டோஸ்கோப்பின் நுனியில் உள்ள ஸ்கேனால் பார்த்துக்கொண்டே இரைப்பையின் பின்சுவரில் துளை போட்டு, இரைப்பையையும் சீழ்ப் பையையும் சேர்த்துப் பிடிக்கும் உலோக ஸ்டென்ட்டைப் பொருத்துவார்கள். சீழ் இரைப்பைக்குள் வடியும். வேண்டுமானால் அதே வாசல் வழியாக உள்ளே போய்ச் செத்த சதையைத் துண்டு துண்டாக எடுப்பார்கள். 2018-ல் வந்த டென்ஷன் ஆய்வு 98 பேரில் இதையும் பக்கவாட்டு முறையையும் ஒப்பிட்டது. பெரிய சிக்கல், மரணம் சேர்ந்த கணக்கு எண்டோஸ்கோப்பியில் 43 சதவீதம், பக்கவாட்டு முறையில் 45 சதவீதம், கிட்டத்தட்ட சமம். ஆனால் கணைய நீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கும் ஃபிஸ்டுலா எண்டோஸ்கோப்பி பிரிவில் 5 சதவீதம், மற்றதில் 32 சதவீதம்.

அந்த 32 சதவீதத்தின் பொருள், வீட்டுக்கு வந்த பிறகுதான் புரியும். டியூப் வாயைச் சுற்றித் தோல் வெந்ததுபோல் சிவந்து எரியும், கணைய நீர் தோலையும் செரித்துவிடும். காலையிலும் மாலையிலும் சிரிஞ்சில் சலைன் எடுத்து டியூப்பை அலச வேண்டும், இல்லாவிட்டால் செத்த சதைத் துணுக்கு அடைத்துக்கொள்ளும். பையில் எவ்வளவு வந்தது, என்ன நிறம் என்று எழுத வேண்டும். எட்டாவதோடு பள்ளியை விட்ட பெண்கள் இதை நர்ஸுகளைவிடச் சுத்தமாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். நோட்டில் தேதி, மணி, மில்லி, நிறம் என்று கோடு போட்டு வைத்திருப்பார்கள். பையில் திடீரென ரத்தச் சிவப்பு தெரிந்தால் காலைவரை பொறுக்காமல் அப்போதே கிளம்ப வேண்டும் என்பதை மட்டும் அழுத்தமாகச் சொல்லி அனுப்ப வேண்டும்.

எண்டோஸ்கோப்பி வழிக்கு நிபந்தனைகள் உண்டு. சீழ்ப் பை இரைப்பையையோ முன்சிறுகுடலையோ ஒட்டி இருக்க வேண்டும், சுவர் முற்றியிருக்க வேண்டும். வலது இடுப்புவரை இறங்கிய சீழை இரைப்பை வழியாக எட்ட முடியாது, அதற்குப் பக்கவாட்டு டியூப்தான், சிலருக்கு இரண்டுமே தேவைப்படும். உலோக ஸ்டென்ட்டை மூன்று நான்கு வாரத்தில் ஸ்கேன் பார்த்து எடுத்துவிட வேண்டும், விட்டுவைத்தால் பை சுருங்கி ரத்தக் குழாயில் உரசிப் பெரிய ரத்தக்கசிவு வரலாம். "நல்லாத்தான் இருக்கேன், எதுக்கு மறுபடி பெங்களூர் போகணும்" என்று நிற்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, சீழ் பிடித்த அன்றே டியூப் போட்டுவிடலாமா? இதற்கும் பதில் வந்துவிட்டது. 2021-ல் வெளியான பாயின்டர் ஆய்வில் 104 பேர். ஒரு பிரிவுக்கு உடனே டியூப், மற்றதற்கு ஆன்டிபயாடிக்கில் தாக்குப்பிடித்துச் சுவர் முற்றிய பிறகு டியூப். சிக்கல்களின் அளவில் வித்தியாசமே இல்லை. மரணம் 13 சதவீதம், 10 சதவீதம். தள்ளிப்போட்ட பிரிவில் 39 சதவீதம் பேருக்குக் கடைசிவரை டியூப்பே தேவைப்படவில்லை. ஆக, சீழ் பிடித்த பிறகும்கூட, நோயாளி தாங்குகிறார் என்றால் அவசரப்பட வேண்டியதில்லை. கண் முன்னே சரிந்துகொண்டிருந்தால் நான்கு வாரக் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்காரவும் கூடாது, டியூப் போட்டுவிட வேண்டும்.

கத்தியை உடனே எடுக்க வேண்டிய இடங்கள் இவை. குடல் ஓட்டையானால், அல்லது பெருங்குடல் ரத்த ஓட்டம் இழந்து செத்தால். ரத்தக் குழாய் வெடித்து, குழாய் வழியாகவே அடைக்கும் முறையால் நிறுத்த முடியாவிட்டால். வயிற்றுக்குள் அழுத்தம் 20-ஐத் தாண்டி, புதிதாக ஓர் உறுப்பு செயலிழந்து, மருந்து, டியூப் எதற்கும் இறங்காவிட்டால். இந்தக் கடைசி நிலையிலும் வயிற்றைத் திறப்பது அழுத்தத்தை இறக்க மட்டுமே, கணையத்தில் கை வைப்பதற்கு அல்ல. பித்தக் குழாயில் கல் சிக்கி மஞ்சள் காமாலையும் குளிர்காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அவசரம்தான், ஆனால் அது எண்டோஸ்கோப்பியில் குழாயைத் திறந்துவிடும் அவசரம், ஆபரேஷன் இல்லை.

எந்த ஊரில் காத்திருப்பது

இப்போது நம் ஊர்க் கணக்கு. பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ அரூரிலோ ஊத்தங்கரையிலோ இருந்து கிளம்புகிறவருக்கு முதல் படி மாவட்டத் தலைநகர். தர்மபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கிருஷ்ணகிரிக்குப் போலுப்பள்ளியில் புதிய மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதற்கு மேல் சேலம், பெங்களூர், வேலூர், சென்னை.

லேசான வகைக்கு ஊரைத் தாண்ட வேண்டியதே இல்லை. சலைன், வலி மருந்து, சாப்பாடு, கண்காணிப்பு போதும், அது மாவட்டத்திலேயே கிடைக்கும். பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரியில் அதே சலைனுக்கு நகையை அடகு வைக்க வேண்டாம்.

கடுமையான வகைக்கு மேல் ஊர் வேண்டும், ஆனால் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். "ஆபரேஷன் பண்ற ஊருக்குப் போறோம்" என்று கிளம்பினால் தவறான ஆஸ்பத்திரியில்தான் போய் நிற்போம். வேண்டியது நான்கு: டயாலிசிஸும் வென்டிலேட்டரும் உள்ள ஐசியூ, ராத்திரியிலும் ஸ்கேன் பார்த்து டியூப் போடத் தெரிந்த ரேடியாலஜிஸ்ட், ஸ்கேன் எண்டோஸ்கோப்பி செய்யும் குடல் மருத்துவர், கடைசியாக, எப்போது அறுக்கக் கூடாது என்று தெரிந்த அறுவை மருத்துவர். நாளைக்கே திறந்து பார்த்துவிடலாம் என்று ஐந்தாம் நாளில் யாராவது சொன்னால், மேலே சொன்ன விதிவிலக்குகளில் எது என்று கேளுங்கள். பதில் வரவில்லையானால் வேறொருவரின் கருத்தையும் கேட்டுவிடுவது நல்லது.

எப்போது நகர்வது என்பதில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. மூச்சோ சிறுநீரோ பிரஷரோ தடுமாறத் தொடங்கி ஒரு நாளில் திரும்பவில்லையானால் அப்போதே, நோயாளி இன்னும் தானாக மூச்சு விடும்போதே கிளம்ப வேண்டும். வென்டிலேட்டரும் பிரஷரை ஏற்றும் மருந்துமாக ஐந்தாம் நாள் தொப்பூர் கணவாய் இறங்குவது வேறு வகை ஆபத்து. அந்த இறக்கத்தில் லாரி ஒன்று கவிழ்ந்து வழி அடைத்தால் ஆக்சிஜன் சிலிண்டர்க் கணக்கு தப்பிவிடும். தர்மபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் சுமார் 90, வேலூர் சுமார் 120. தூரம் பெரிதில்லை, ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டினால் 90 கிலோமீட்டரும் இரண்டு மடங்காகத் தெரியும். போகும் ஊரில் படுக்கை இருக்கிறதா என்று டாக்டரே போனில் பேசிவிட்டு அனுப்ப வேண்டும். 108-ல் ஏறிய பிறகு கேட்கிற கேள்வி இல்லை அது. சிடி ஸ்கேன் படம் உள்ள டிஸ்க்கையோ பிலிமையோ கையோடு எடுத்துப் போங்கள், வெறும் ரிப்போர்ட் தாள் போதாது. டியூப் எந்த வழியில் போக வேண்டும் என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை இது ஒரே நாள் ஆபரேஷன் செலவில்லை, வாரக் கணக்கில் ஐசியூ செலவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இருக்கிறது, ஆனால் எந்த ஆஸ்பத்திரியில், எந்தச் சிகிச்சைக்கு, உலோக ஸ்டென்ட் அதில் அடங்குமா என்பதை அங்கே உள்ள காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்க வேண்டும். மாநில எல்லை தாண்டும்போது இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். தனியாரில் முதல் வாரத்திலேயே கையிருப்பு முழுவதையும் கரைத்துவிட்டு, டியூப் போட வேண்டிய நான்காவது வாரத்தில் வெறுங்கையோடு அரசு ஆஸ்பத்திரிக்குத் திரும்புவதுதான் நான் பார்ப்பதில் மோசமான வரிசை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலோ சென்னை ஸ்டான்லியிலோ ஆரம்பத்திலேயே சேர்ந்திருந்தால், காத்திருக்கும் நாட்களுக்குக் கூலி கட்ட வேண்டியிருக்காது. உள்ளூரில் வேலை, மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று இருப்பவர்கள், யார் எந்த வாரம் அங்கே தங்குவது என்று முதலிலேயே முறை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆள் ஒரு மாதம் ஐசியூ வாசலில் படுத்தால் அவரும் படுக்கையில் விழுவார்.

பிழைத்து வந்தபின்பும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது. காரணம் பித்தக்கல் என்றால் பித்தப்பையை எடுத்தாக வேண்டும். லேசான அழற்சியில் அதே அட்மிஷனில், நெக்ரோசிஸ் வந்தவர்களுக்குச் சீழும் நீர்ப் பையும் வற்றிய பிறகு. காரணம் ட்ரைகிளிசரைடு என்றால் மாத்திரையை நிறுத்தக் கூடாது. காரணம் குடி என்றால் டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரி எழுதினால் போதாது, மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்ப வேண்டும். மூன்று மாதத்தில் ஒரு தடவை சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். மலம் எண்ணெய்ப் பசையாக மிதந்து, சாப்பிட்டும் எடை இறங்கினால் நொதி மாத்திரை தேவை. அதைச் சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் அல்ல, சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும்.